மதிலுக்குப் பின்னால் எரிந்த பக்கெட்டுகள்

போன வாரம் எங்கள் கம்பெனி வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. உள்ளே முழுக்க உடைந்த கிரேடுகள், தக்காளி அடுக்குகிற பிளாஸ்டிக் பெட்டிகள். நாங்கள் செய்து விற்றவைதான். வெயிலில் வெளுத்து, மூலை உடைந்து திரும்பி வந்திருந்தன. இப்போதெல்லாம் அப்படித்தான். பழையதைக் கொடுத்தால் அரைத்து, உருக்கி, மறுபடி கிரேடாக்குகிறோம். இதற்குச் சுழற்சிப் பொருளாதாரம் என்று பெயராம். பயிற்சி கொடுக்க வந்த தம்பி திரையில் படம் போட்டுச் சொன்னார். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அரைக்கிற இயந்திரத்திலிருந்து சூடேறிய பிளாஸ்டிக் வாசனை வந்ததும் எஸ்தர் அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இதே கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. எளாவூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். பக்கெட் செய்கிற பிரிவில் தரம் பார்க்கிற வேலை. கையில் ஒரு சிவப்பு மார்க்கர். விளிம்பில் சின்னச் சொட்டை இருந்தால் போதும், பெருக்கல் குறி போட்டுவிடுவேன். அந்தப் பக்கெட்டுகளும், அச்சிலிருந்து பிய்த்துப் போடுகிற மிச்சக் குச்சிகளும் மதிலுக்குப் பின்னால் இருந்த பள்ளத்துக்குப் போகும். சனிக்கிழமை மத்தியானம் கொளுத்துவார்கள். அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை, நானும்தான். மார்க்கர் தந்த மிதப்பில், அம்மா வாங்கிவந்த முறத்தைக்கூடப் புரட்டிப் பார்த்துக் குறை சொன்னேன். "அப்ப சோறும் உங்க கம்பெனியிலயே செஞ்சி தரச் சொல்லு" என்றார் அம்மா.

எஸ்தர் அக்கா எங்கள் பிரிவைப் பெருக்குகிறவர். அதற்கு முன் ஆரம்பாக்கம் பக்கம் நடவு வேலைக்குப் போனவர். வீடு மதிலுக்கு அந்தப் பக்கக் காலனியில். சனிக்கிழமை புகை அங்கே திரும்பினால் அவர் மகளுக்கு இளைப்பு வந்துவிடும். அது எனக்கு வெகுநாள் தெரியாது. குச்சிகளை நிறம் பார்த்துத் தனித்தனி மூட்டை கட்டுகிறாரே, இதென்ன வேண்டாத வேலை என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் அவர் சூப்பர்வைசர் தணிகாசலத்திடம் போய் நின்றார்.

"சார், இதும் அதே பிளாஸ்டிக்தானே. அரைச்சி மறுபடியும் ஊத்தினா ஆவாதா?"

"ஆவும். பிரிக்கிறதுக்கு ஆளு ஏது?"

"நான்தான் பிரிச்சிகினு கீறேனே."

மூலையில் சும்மா கிடந்த அரைக்கிற இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தார்கள். பக்கெட் நன்றாகவே வந்தது. பள்ளத்துக்குப் போவது குறைந்தது. சில சனிக்கிழமைகளில் கொளுத்த எதுவும் இருக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் வெள்ளை பக்கெட் இயந்திரம் அடைத்து நின்றது. கழற்றினால் உள்ளே உருகாத நைலான் துண்டுகள். நைலான் உருக இன்னும் அதிகச் சூடு வேண்டும். "ஒழுங்கா பிரிக்கத் தெரியாதவங்களுக்கு இன்னாத்துக்கு இந்த வேலை? நாளையிலேந்து வராதம்மா" என்றார் தணிகாசலம். எஸ்தர் அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்.

அந்தத் துண்டுகளைப் போட்டது நான். பக்கத்துப் பிரிவுக்காகச் சோதித்த நைலான் கிளிப்புகளை, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், கையால் வழித்துக் கிட்டத்தில் இருந்த மூட்டையில் தள்ளியிருந்தேன். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை. அவர் கட்டிவைத்த மூட்டைகளையும் பள்ளத்துக்கு இழுத்துப் போனார்கள். புகை காலனிப் பக்கம் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகுதான் தணிகாசலத்திடம் போய்ச் சொன்னேன்.

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்றார். "போய்க் கூட்டியா."

எஸ்தர் அக்கா வீட்டு வாசலில் மகள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணின் மூச்சு எனக்குக் கேட்டது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"நீதானா" என்றார். தடவுவதை நிறுத்தாமலே, "ரெண்டும் வெள்ளை. கண்ணுக்கு எப்படித் தெரியும்? தண்ணில போட்டுப் பாத்தீங்களா?"

திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பினார். பக்கெட் துண்டுகள் மிதந்தன, நைலான் அடியில் போய் உட்கார்ந்தது. "வெதநெல்ல இப்படித்தான் பாப்போம் சார். பதரு மேல வந்துடும்." தணிகாசலம் தானே ஒரு கைப்பிடி போட்டுப் பார்த்தார். அந்த டிரம் அங்கேயே நின்றுவிட்டது.

என்னிடம் மட்டும் எஸ்தர் அக்கா ஒரு மாதம்போல வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. அது நியாயம்தான் என்று எனக்கே தெரிந்திருந்தது. ஒருநாள், "நாஷ்டா துன்னியா?" என்று கேட்டார். தின்றிருந்தேன். இல்லை என்றேன்.

போன வாரம் பயிற்சித் தம்பி, இந்தக் கம்பெனி எப்போது இந்த முறைக்கு மாறியது என்று கேட்டார். ஒரு பெரிய வாடிக்கையாளர் வற்புறுத்திய வருஷத்தை மேனேஜர் சொன்னார். "அதுக்கு முன்னாடியே..." என்று ஆரம்பித்தேன். டீ வந்துவிட்டது, எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

டீயோடு பின்பக்கம் போய் நின்றேன். பள்ளத்தை மூடி வேப்பங்கன்று நட்டிருக்கிறார்கள். காற்றில் ஒரு நாற்றமும் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் இப்போது பெரிய கிடங்கு. அது வருவதற்காகக் காலனியை எடுத்துவிட்டார்கள். எஸ்தர் அக்கா மகளோடு ஆவடிப் பக்கம் போனதாகச் சொன்னார்கள்; யாரிடமும் விலாசம் இல்லை. அவர்கள் வீடு இருந்த இடத்தில், லாரிகள் திரும்புவதற்குச் சிமெண்ட் போட்டிருக்கிறது.