யாரும் தங்காத ஊர்

நாஸ்கா பாலைவனத்தில், கவாச்சி மண்கோயில் மேடுகளுக்குக் காவல்காரர் எலெயுத்தேரியோ. வருகிறவர்களிடமெல்லாம், "இங்க யாரும் குடியிருந்ததில்ல. அந்தக் காலத்துச் சனங்க திருவிழாவுக்கு வருவாங்க, சாப்பிடுவாங்க, சட்டிய உடைச்சிட்டு ஊர் திரும்பிடுவாங்க" என்பார்.

அவர் மனைவி தொமித்தீலா அக்கா ஞாயிறுதோறும் ஊரிலிருந்து மொச்சை சமைத்து எடுத்துக்கொண்டு என் வாடகைக் காரில்தான் வருவார். அன்றும் சாப்பிட்டு முடித்த பிறகு பேச்சு ஓயவில்லை. எனக்கோ அடுத்த சவாரி. எரிச்சலில் ஹாரன் அடித்தேன். எழுந்த அக்காவின் கையிலிருந்து மண்சட்டி விழுந்து உடைந்தது.

"சட்டிய உடைச்சிட்டல்ல? திருவிழா முடிஞ்சுது, கிளம்பு" என்று எலெயுத்தேரியோ சிரித்தார்.

அக்கா மறுபடி உட்கார்ந்தார். "யோவ் கிழவா, அத்தன சனமும் புத்தியா வீடு போய்ச் சேர்ந்துச்சு. நீ ஒருத்தன்தான் இங்கயே கிடக்குற."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஹாரன் அடிச்சது போதும் தம்பி. டிக்கியில என் கம்பளி இருக்கு, எடுத்துக் குடுத்துட்டுப் போ."