கேஸ்கெட் போகவில்லை

டீச்சர் கைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். என்ஜினிலிருந்து உருவிய எண்ணெய்க் குச்சியை அதில் அழுத்தித் துடைத்து, கைக்குட்டையை என் முதலாளியின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். துணியின் நடுவில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. "கேஸ்கெட் போயிருந்தா தண்ணியும் ஆயிலும் ஒண்ணாக் கலந்து, பால் ஊத்துன கோப்பி மாதிரி இருக்கணும். இது கறுப்பாத்தானே இருக்கு?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் கணக்குத் தவறாகப் போட்ட பையனிடம் கேட்பதுபோலத்தான் கேட்டார். வொர்க்‌ஷாப்பில் ஆறு ஆண்கள் இருந்தோம். எல்லோரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எழுபதுகளின் கடைசி அது. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த வொர்க்‌ஷாப் இருந்தது. இப்போது அந்த இடத்தில் தங்கும் விடுதி. எனக்கு முப்பது வயது, திருமணமாகி இரண்டு வருடம். டீச்சருக்கு நாற்பத்தைந்து இருக்கும். திருமணம் செய்துகொள்ளவில்லை. உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளியில் வேலை. ஆங் மோ கியோவில் புதிதாகக் கிடைத்த அடுக்குமாடி வீட்டில், பக்கவாதம் வந்த அப்பாவுடன் இருந்தார். அப்பாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றால் டாக்சிகள் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விடும். வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு உடற்பயிற்சிக்கு அவரை அழைத்துப் போகத்தான் அந்தப் பழைய பிரிட்டிஷ் காரை வாங்கியிருந்தார். பயிற்சி நின்றால் கால் மறுபடியும் மரத்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தாராம். எங்களுக்கு அது நான்கு சக்கரமுள்ள இன்னொரு வேலை. அவருக்கு அது அப்பாவின் கால்.

காரின் கோளாறைச் சொல்ல வந்தபோதே அவர் பாதி வேலையை முடித்திருந்தார். "ஓடும்போது சூடாகல. சிக்னல்ல நின்னா முள்ளு ஏறுது. கிளம்பும்போது கீச்சுன்னு ஒரு சத்தம். நிக்கும்போது பேட்டரியோட சிவப்பு விளக்கு மினுங்குது." இவ்வளவு தெளிவாக ஒரு நோயாளி மருத்துவரிடம் சொன்னால் மருத்துவர் நாற்காலியிலிருந்து எழுந்து நன்றி சொல்ல வேண்டும். கார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் புத்தியும் இதுதான். 'வண்டி சரியில்லை' என்று சொல்லாதீர்கள். எப்போது, எங்கே, என்ன சத்தம், என்ன விளக்கு என்று சொல்லுங்கள். ஓடும்போது காற்று தானாக வந்து ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது விசிறிதான் காற்றை இழுக்க வேண்டும். அந்தக் காரில் விசிறி, தண்ணீர்ப் பம்பு, பேட்டரிக்கு மின்சாரம் தரும் டைனமோ மூன்றையும் ஒரே ஒரு ரப்பர் பெல்ட்தான் சுற்றியது. நான் பானெட்டைத் திறந்ததும் கட்டைவிரலால் அந்த பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன். அரை அங்குலம் அமுங்கினால் சரி. அது பழைய கயிற்றுக் கட்டில்போலத் தொய்ந்தது. ஓரம் பளபளவென்று தேய்ந்திருந்தது. ஒரு நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

முதலாளிக்கும் தெரியும். பெல்ட் மாற்றுவது அரை மணி நேர வேலை; அதில் அவருக்கு ஒன்றும் நிற்காது. என்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் இருக்கிற தகடுதான் கேஸ்கெட். அது எரிந்துபோயிற்று என்று சொன்னால் என்ஜினைப் பிரிக்கலாம், இரண்டு வாரம் வண்டியை வைத்துக்கொள்ளலாம், டீச்சரின் சில மாதச் சம்பளத்தை வாங்கிவிடலாம். "கேஸ்கெட் போயிருச்சு டீச்சர், என்ஜின் இறக்கணும்" என்றார். அதன்பிறகுதான் அந்தக் கைக்குட்டை வெளியே வந்தது. பின்புறக் குழாயில் வெள்ளைப் புகை வருகிறதா, ஆறிய ரேடியேட்டரில் குமிழ் வருகிறதா என்றும் டீச்சர் கேட்டார். இந்த அடையாளங்கள் ஒன்றும் இல்லாமலே கேஸ்கெட் போவதும் உண்டுதான். ஆனால் சோதித்துப் பார்க்காமல் போய்விட்டது என்று சொல்ல எந்த மெக்கானிக்குக்கும் உரிமை கிடையாது. இதைப் படித்து என் தொழில்காரர்கள் கோபப்பட்டால் படட்டும்.

முதலாளி சிரித்தார். "டீச்சர், நீங்க பாடம் நடத்துங்க லா. வண்டிய எங்ககிட்ட விடுங்க."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்க கைதானே தொட்டுப் பார்த்தது? நீங்க சொல்லுங்க. கேஸ்கெட் போயிருக்கா?"

முதலாளி என்னைப் பார்த்தார். கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டே, "ஆமாம் டீச்சர், போயிருச்சு" என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சரி" என்று மட்டும் சொன்னார். ஆறிய ரேடியேட்டரில் தானே தண்ணீர் நிரப்பினார். மூடியைத் துணி வைத்துத் திருகினார். குளிர்நாட்டில் செய்த கார் என்பதால் அதில் ஹீட்டர் இருந்தது. இந்த ஊரில் அதை யாரும் தொட்டதே கிடையாது. டீச்சர் அதை முழுவதும் திறந்துவிட்டார். மத்தியான வெயிலில் ஹீட்டர் போடுகிற பெண்பிள்ளையைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். கண்ணாடியை இறக்கிக்கொண்டே அவர் சொன்னார்: "என்ஜின் சூட்டுல கொஞ்சம் உள்ளே வரட்டும். நான் வேர்த்தா பரவாயில்ல. என்ஜின் வேர்க்கக் கூடாது." காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். "ரெண்டு நாள்ல இழுத்துக்கிட்டு வருவாங்க" என்றார் முதலாளி. இரண்டு நாள் போனது. இரண்டு வாரமும் போனது. யாரும் எதையும் இழுத்துக்கொண்டு வரவில்லை.

நானும் என் மனைவியும் டீச்சர் போகிற அதே மாதா கோவிலைச் சேர்ந்தவர்கள். நான் பெருநாளுக்குப் போகிறவன். என் மனைவி ஞாயிறு தவறாமல் போகிறவள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து நேரம் கழித்து வந்தாள். நகத்தில் கறுப்பு. மீன் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, கேஸ்கெட் போனா ஆயில் என்ன நிறத்துல இருக்கும்?"

யார் சொன்னது என்று கேட்டேன். டீச்சர் பூசைக்குப் பிறகு வளாகத்தில் தன் கார் பானெட்டைத் திறந்துவைத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாராம். சூடான என்ஜினின் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். டயருக்குக் காற்று பார்ப்பதென்றால் நெடுந்தூரம் ஓடி வந்தபின் பார்க்கக் கூடாது, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். தன் காருக்குப் புது பெல்ட்டைத் தன் அடுக்குமாடி புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் தானே மாட்டியதையும் செய்துகாட்டினாராம். அந்த வொர்க்‌ஷாப்பின் பெயரையோ என் பெயரையோ சொல்லவில்லை; சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு முதலாளி கேஸ்கெட் என்றதற்குத் தொட்டுப் பார்த்த மெக்கானிக்கும் ஆமாம் போட்டதை மட்டும் சொன்னாராம். ஆனால் நான் வேலை பார்க்கும் இடம் என் மனைவிக்குத் தெரியாதா? கத்தியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு டீச்சர்கிட்ட ஆமாம்னு சொன்ன ஆளு நீங்கதானா?"

நான் முதலாளி, வேலை, வீட்டு வாடகை என்று என்னென்னவோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மீனை நறுக்கி முடித்தாள். அன்றிலிருந்து என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள்.

இதற்கிடையில் கோவில் கமிட்டியில் ஒருவர் டீச்சரைக் கண்டித்திருக்கிறார். சேலை கட்டிய பெண்கள் ஆண்டவர் சந்நிதியில் காருக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பது நன்றாக இல்லையாம். டீச்சர் சொன்ன பதிலை என் மனைவி பேச்சுவார்த்தை இல்லாத அந்த நாட்களிலும் அடக்கமுடியாமல் என்னிடம் சொன்னாள்: "ஆண்டவர் கழுதைமேல ஏறித்தான் எருசலேமுக்குப் போனாரு. அந்தக் கழுதைக்கு யாராவது தண்ணி காட்டித்தானே இருப்பாங்க?" அப்படியும் அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு டீச்சர் பாடத்தைத் தன் புளோக்குக்குக் கீழே மாற்றிக்கொண்டார். கோவிலுக்கு வராத பெண்களும் அங்கே வந்தார்கள். கூட்டம் இரண்டு மடங்கானது.

அந்த மாதம் ஒரு ரொட்டி வேன்காரர் வொர்க்‌ஷாப்புக்கு வந்தார். கடை கடையாக ரொட்டி போடுகிறவர், பாதி வழியில் வண்டி சூடாகி நின்றிருக்கிறது. பானெட்டைத் திறந்து பெல்ட்டை அழுத்தினேன். அதே தொய்வு. முதலாளி என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, "கேஸ்கெட்" என்றார். வேன்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கேஸ்கெட் போகல" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "பெல்ட்தான். அரை மணி நேரத்துல மாத்திடலாம்."

முதலாளி மெதுவாக, "நாளையிலிருந்து வராதே" என்றார்.

"நாளைக்கு எதுக்கு? இப்பவே போறேன்" என்றேன். ஆனால் போகுமுன் அந்த பெல்ட்டை மாற்றிவிட்டுத்தான் போனேன். முதலாளி தடுக்கவில்லை, வேன்காரர் பக்கத்திலேயே எழுந்து வந்து நின்றிருந்தார். பட்டப்பகலில் வேலையில்லாதவனாக வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். என் மனைவி சோறு போட்டாள். தனக்கும் ஒரு தட்டு எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் சேர்ந்து சாப்பிட்டோம்.

மறுநாள் டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவருடைய அப்பா சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை மெல்லத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். டீச்சர் தேநீர் கலக்கிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: "மன்னிப்பை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? ஞாயித்துக்கிழமை கீழே வாங்க. என்கிட்ட என்ன பொய் சொன்னீங்கன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க. வண்டி எப்படி ஓடுதுன்னு நான் சொல்லிட்டேன். எப்படி ஏமாத்துவாங்கன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்."

மறுக்கலாம் என்றுதான் நினைத்தேன். டீச்சர் கெஞ்சவுமில்லை, மிரட்டவுமில்லை. தேநீரை என் முன்னால் வைத்துவிட்டு அப்பாவின் காலைப் பிடித்துவிடப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முப்பது பெண்களுக்குமேல் இருந்தார்கள். நர்சுகள், டீச்சர்கள், கடைக்காரர் மனைவிகள், ஒரு மலாய்க்கார அம்மா, இரண்டு சீனப் பெண்கள். முன்வரிசையில் என் மனைவி. "போன மாசம் டீச்சர்கிட்ட கேஸ்கெட் போயிருச்சுன்னு சொன்னேன். போகல. பொய் சொன்னேன்" என்று தொடங்கினேன். இதோடு முடிந்தது என்று நகரப் பார்த்தேன். அப்போது என் மனைவி கேட்டாள்: "வேற என்னென்ன பொய் சொல்லுவீங்க?"

சொன்னேன். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருப்பதைச் சுடுநீர் ஊற்றிக் கழுவினாலே வண்டி கிளம்பும். பேட்டரி செத்துவிட்டது என்று சொல்லிப் புதிது மாட்டுவோம். சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பரில் நாங்களே கொஞ்சம் எண்ணெயைத் தடவிவிட்டு 'ஒழுகுது பாருங்க' என்போம். மாற்றாத சாமானுக்கு மாற்றியதாகச் சொல்லுவோம். "அதனால வேலை தொடங்குறதுக்கு முன்னாலயே பழைய சாமான் எனக்கு வேணும்னு சொல்லிடுங்க. முடிஞ்சப்புறம் கேட்டா குப்பையில போட்டாச்சுன்னு சொல்லுவோம். 'உங்களுக்குப் புரியாது'ன்னு ஒருத்தன் சொன்னா, புரியுற மாதிரிச் சொல்லுன்னு நில்லுங்க. சொல்லத் தெரியாதவனுக்கு வேலையும் தெரியாது. சொல்ல மனசில்லாதவன்கிட்ட வண்டிய விடாதீங்க." வெயில் தலைக்குமேல் வரும்வரை பேசினேன். ஒரு பெண் தன் கணவர் போன வாரம் மாற்றிய பேட்டரியைப் பற்றி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்.

நான் முடித்ததும் டீச்சர் எழுந்தார். பாராட்டவில்லை, முதுகைத் தட்டவில்லை. "எல்லாரும் கேட்டீங்கல்ல? இவரு இனிமே பொய் சொன்னா நமக்குத் தெரியும். அதனால இனிமே இவர்கிட்ட தைரியமா வண்டிய விடலாம்" என்றார். அடுத்த வாரமே மூன்று கார்கள் வந்தன. நான் சொந்தமாகத் தொழில் தொடங்கியது அந்த மூன்று கார்களோடுதான்.

எண்பதுகளின் நடுவில் டீச்சரின் அப்பா காலமானார். கடைசி ஆண்டுவரை அவர் கோலூன்றித் தானே நடந்துபோய்க் காரில் ஏறினார். டீச்சரும் இப்போது இல்லை. இன்றைய கார்களில் கம்ப்யூட்டர் இருக்கிறது. திரையில் ஏதோ எண்ணைக் காட்டி "சென்சார் போயிருச்சு" என்கிறார்கள். சாமான் மாறியிருக்கிறது, சொல்லும் மாறியிருக்கிறது, முகபாவம் மட்டும் என் பழைய முதலாளியுடையதுதான். நான் இதை எழுதுவது அவர்களுக்குத் தொந்தரவாக இருக்கட்டும் என்றுதான்.

என் வொர்க்‌ஷாப்பை மூடி ஐந்து வருடமாகிறது. போன வாரம் என் மனைவியின் காரில் ஏதோ சத்தம் வந்தது. நான் பானெட்டைத் திறந்து குனிந்தேன். அவள் பின்னாலேயே வந்து நின்றாள்.

"தொடுறதுக்கு முன்னால என்னன்னு சொல்லுங்க."

சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "தள்ளுங்க, நானே பார்க்கிறேன்" என்றாள்.