அவள் செய்த போணிகள்

தோழி இறந்த பிறகு அவளுடைய அம்மா மீன் விற்கப் போகவில்லை. சாந்தோம் கடற்கரையில் காலமெல்லாம் கடை போட்டவர், ஏழெட்டு மாதம் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தார். "என் கைராசி பூடுச்சு கண்ணு. பெத்ததையே காப்பாத்த முடியல, நான் தொட்டா இன்னா யாவாரம் ஆவப் போவுது?" பார்க்கப் போகும்போதெல்லாம் இதையேதான் சொல்வார். போன வாரம் அவரே போன் செய்தார். திங்கட்கிழமை கடை போட்டுப் பார்ப்பாராம். அன்றைக்கும் ஓடவில்லை என்றால் கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்துவிடுவாராம், அத்தோடு சரி.

நான் மயிலாப்பூரில் முட்டைகூட நுழையாத வீட்டில் வளர்ந்தவள். அவள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம். ஆனால் நாங்கள் சந்தித்தது மேற்படிப்புக்குப் போன ஜெர்மனியில், மாணவர் விடுதியின் பொதுச் சமையலறையில். நான் கடுகு தாளித்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "மெட்ராஸா மச்சி நீ?" என்றாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்டவள்தான்.

விடுமுறை விட்டால் மலிவு டிக்கெட்டில் ஊர் சுற்றுவோம். பெரிய தேவாலயம், அருங்காட்சியகம் என்று நான் திட்டம் போடுவேன். "சர்ச்சு எங்க வூட்டாண்டயே கீது" என்பாள். எந்த ஊரில் இறங்கினாலும் அவளுக்கு முதலில் மீன் சந்தைக்குப் போக வேண்டும். போய், மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "நேத்து புடிச்சது, ஐஸ் போட்டு ஏமாத்துறான்" என்று தமிழில் சத்தமாகச் சொல்ல வேண்டும். எனக்கோ மூக்கின் மேல் கோபம். இருந்தும் பின்னாலேயே போவேன்.

பிரான்சில் ஒரு துறைமுக ஊர். ரயிலுக்கு நேரமாகிவிட்டிருந்தது. சந்தையில் ஒரு அம்மாள் அப்போதுதான் மீனை அடுக்கி முடித்திருந்தார். இவள் பழக்க தோஷத்தில் ஒன்றைக் காட்டி விலை கேட்டுவிட்டாள். பிறகுதான் சுற்றிப் பார்த்தாள். வாங்க வந்தவர்கள் வேறு யாருமே இல்லை. முகம் மாறிவிட்டது.

"போச்சுடி. நம்மதான் போணி."

"அதுக்கு?"

"மொத ஆளு விலை கேட்டுட்டு வாங்காம போனா அந்தம்மாவுக்கு நாள் பூரா யாவாரம் ஆவாது."

"அவங்களுக்குப் போணின்னா என்னன்னே தெரியாது. வா, ரயில் போயிடும்."

"அவங்களுக்குத் தெரியலன்னா இன்னா? எனக்குத் தெரியுதுல்ல."

போணி நேரத்தில் பேரமும் பேசக் கூடாதாம். கேட்டதைக் கொடுத்து ஒரு முழு மீனை வாங்கினாள். ஓடிப்போய் ரயிலைப் பிடித்தோம். பெட்டியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு இடம் பார்த்தார்கள். நானும் தள்ளிப் போய் உட்கார்ந்து, அவளை யாரென்றே தெரியாதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "ஏய் தயிர்சாதம், எங்க ஓடுற?" என்று பெட்டி அதிரக் கத்தினாள். சாயங்காலம் போய்ச் சேர்ந்த விடுதியில் குழம்பு வைத்து, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் ஊற்றினாள். எனக்குத் தனிப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வறுவல், தனிக் கரண்டி. எந்த ஊரிலும் அதை மட்டும் அவள் மறந்ததே இல்லை.

அதற்குப் பிறகு சந்தைக்குள் நுழைந்தால் அவள் வாயைத் திறப்பதற்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவேன். அப்படியும் என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு இன்னும் சில ஊர்களில் போணி செய்தாள்.

திரும்பி வந்து ஈக்காட்டுத்தாங்கலில் ஒரே அலுவலகத்தில் சேர்ந்தோம். போன வருஷம் ஒரு நாள் மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். மறுநாள் அவள் இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போகும் முன் சாந்தோம் கடற்கரை மீன் அங்காடிக்குப் போனேன். சுற்றியுள்ள கடைகளில் வியாபாரம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அவள் அம்மாவின் முன்னால் சங்கரா மீன் அடுக்கியது அடுக்கியபடி இருந்தது. ஒரு தம்பதி விலை கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். அவர் அவர்களைத் திரும்பக் கூப்பிடவில்லை, மீன் மேல் தண்ணீரைத் தெளித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். தெருமுனை வரை கேட்கக் கூவி விற்றவர் அவர்.

"போணி ஆச்சாம்மா?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"சங்கரா என்ன விலை?"

"உனக்கு எதுக்குக் கண்ணு? உங்கம்மா வூட்டையே கழுவி வுடும்."

"விலை கேட்டுட்டேன்மா. வாங்காம போனா உங்க பொண்ணு என்னை விடமாட்டா."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு தராசை எடுத்தார். காசு மட்டும் வேண்டாம் என்று கையை மடக்கிக்கொண்டார். காசு வாங்கினால்தானே போணி என்று நான் சண்டை போட்டேன். சண்டையிலேயே இருவரும் அழுதுவிட்டோம். கடைசியில் நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றி, நெற்றியில் சிலுவை போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டார்.

அந்த மீனை அலுவலகத்தில் யார் தலையில் கட்டுவது என்று யோசித்துக்கொண்டே கறுப்புக் கவரோடு நடந்தேன். நாலு கடை தாண்டியிருப்பேன்.

"வா நைனா, சங்கரா வந்துக்கீது! செவுளப் பாத்துட்டு வாங்கு!"

அவள்தான் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். அம்மா எழுந்து நின்று கூவிக்கொண்டிருந்தார்.