விசில் ஊதாமல் நடந்தேன்

பட்டாளத்திலிருந்து திரும்பிய நான், எழுபதுகளின் தொடக்கத்தில் தருமபுரியில் கல்லூரி மாணவியருக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தேன். “இதுங்கள எல்லைக்கு அனுப்பினா வெடிச் சத்தத்துக்கே அழுதுடுங்க” என்று சக ஆசிரியர்களிடம் சொல்லிச் சிரிப்பேன்.

ஒருநாள் தொப்பூர் மலையடிவாரத்தில் ஐந்து பெண்கள் வரிசையாகப் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். காற்றில் ஓர் இலக்குப் பலகை சாய்ந்தது. நான் விசில் ஊதி, எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகுதான் யாரும் முன்னால் போகலாம். எல்லோரும் சுட்டு முடித்துவிட்டதாக நினைத்து, ஊதாமலே பலகையை நிமிர்த்தப் போனேன்.

பின்னால் வெடித்தது. பத்தடி தள்ளி மண் தெறித்தது. திரும்பினால், இண்டூர்ப் பெண் கோவிந்தம்மாள், பக்கத்துப் பெண்ணின் துப்பாக்கிக் குழலைத் தட்டிவிட்டுத் தரையோடு அழுத்திப் பிடித்திருந்தாள். குறி பார்த்த அந்தப் பெண் என்னைக் கவனிக்கவே இல்லை.

“சார், அப்படியே குப்புறப் படுத்துக்குங்க.”

படுத்தேன். மற்றக் குழல்கள் இன்னும் என் பக்கமே இருந்தன. கால்சட்டை நனைந்துவிட்டது. அவள் ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்னாள்.

பிறகு குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். என் கால்சட்டையைப் பார்த்தாள். சொம்பு அதன்மேல் சாய்ந்தது.

“கை தவறிடுச்சுங்க சார்” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

தவறுகிற கையா அது? இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் சொல்கிறேன்.