சுவர்ப் பக்கம்

இது நடந்தது பட்டப்பகலில். இருட்டில் நடந்திருந்தால் கண் மயக்கம் என்று நானே விட்டிருப்பேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் நான். அந்த வீட்டில் ஒரு பெரியவர். பக்கவாதம். கழுத்துக்குக் கீழே ஒரு விரல்கூட அசையாது, பேச்சும் போய்விட்டது. கண் மட்டும்தான் பேசும். மகள் காலையில் வேலைக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் போட வேண்டும். முட்டியை மடக்கி நின்று, அவர் உடம்புக்கு அடியில் குறுக்கே கிடக்கும் விரிப்பைப் பிடித்து, ஒரே சீராக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் அவர் தோல் உரியும், என் இடுப்பு போகும்.

மூன்றாவது நாள். மதியம் 12:00. கதவைப் பார்க்கும்படி என் பக்கமாகத் திருப்பினேன். முதுகுக்கு ஒரு தலையணை, முட்டிகளுக்கு நடுவே ஒன்று. தண்ணீர் எடுக்க உள்ளே போனேன்.

12:10. திரும்பி வந்தால்... சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

தலையணைகள் தரையில். ஒரு கை உடம்புக்கு அடியில் நசுங்கியிருந்தது. வேலை தெரிந்த யாரும் ஒருவரை அப்படிப் போட மாட்டார்கள்.

வாசலைப் பார்த்தேன். நான் போட்ட தாழ் போட்டபடி இருந்தது.

"யாரு ஐயா வந்தது?"

பதில் வராது என்று தெரிந்தும் கேட்டேன். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

மறுபடியும் என் பக்கம் திருப்பினேன். இந்த முறை நகரவில்லை. பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

12:40. சர்ர்ர்...

துணி உரசும் சத்தம். சுவரோரம் விரிப்பின் விளிம்பு தானாக எழுந்தது. யாரோ கையில் சுற்றிப் பிடித்த மாதிரி சுருங்கியது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது.

இழுத்தது.

பெரியவர் உருண்டார். முகம் சுவரில் அழுந்தியது. மூச்சு திணறியது.

என் பக்க விரிப்பைப் பிடித்து இழுத்தேன்.

அந்தப் பக்கம் பலம் கூடியது.

மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. அவருடையது இல்லை. என்னுடையதும் இல்லை...

"விடு. அவர விட்டுடு."

விடவில்லை.

கட்டில் சக்கரத்தின் பூட்டைக் காலால் தட்டித் திறந்துவிட்டு, கட்டிலோடு சேர்த்து அவரை அறை நடுவுக்கு இழுத்தேன். விரிப்பு சட்டென்று தளர்ந்தது. அவர் என் மேல் சாய்ந்து இருமினார். மகள் வரும்வரை அவரைப் பிடித்த கையை நான் எடுக்கவில்லை.

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்கம்மாவும் இதே கட்டில்லதான் நாலு வருஷம் கெடந்தாங்க, சிஸ்டர். அப்பாதான் பாத்துக்கிட்டாரு."

"ம்."

"அவங்க முகத்தப் பாக்கப் பிடிக்கலையாம். செவுத்துப் பக்கமாவே போட்டு வச்சிருந்தாரு. கடைசி வரைக்கும்."

சொல்லிவிட்டு, கட்டிலை மெதுவாகத் தள்ளினாள். சுவரில் போய் முட்டும்வரை தள்ளினாள்.

"நீங்க கெளம்புங்க சிஸ்டர். நேரமாச்சு."

பெரியவரின் கண்கள் என்னையே பார்த்தன. வெளியே வந்ததும் என்னை அனுப்பிய ஏஜென்சிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பார்க்கிறோம் என்றார்கள். மறுநாள் என்னை வேறு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் அவர் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தார் என்று நான் கேட்கவில்லை.