குரங்கைச் சாகவிடாத ஜஹீதா

சத்தாரை அடக்கம் செய்த அன்று கபரஸ்தானில் முந்திக்கொண்டு மண் போட்டவன் நவீத். பிறகு வீட்டு வாசலுக்கு வந்து நின்று, எதுவானாலும் தன்னிடம் கேட்கச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கதவுக்குப் பின்னால் நின்ற சத்தாரின் மனைவி ஜஹீதா அந்தக் கண்ணீரில் ஒரு சொட்டைக்கூட நம்பவில்லை.

சத்தார் ஓட்டியது நவீதின் லாரியைத்தான். கூடலூர் மலைப்பக்கம் போய், தோல் பதனிடுகிற மரப்பட்டையை ஏற்றிக்கொண்டு ஆம்பூருக்கு வருவான். ஒரு நடையில், பூச்செடி என்று நவீத் சொன்னதை நம்பி ஒரு மரப்பெட்டியைப் பட்டைக் கட்டுகளுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தான். செக்போஸ்ட்டில் பிரித்தபோது, உள்ளே ஒரு சிங்கவால் குரங்குக் குட்டி மூச்சுமுட்டிச் செத்துக் கிடந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம். தாயைக் கொல்லாமல் குட்டியை எடுக்க முடியாது என்று காட்டிலாகாக்காரர்கள் சொன்னதைச் சத்தார் பின்னாளில் சொல்லிச் சொல்லி அழுதான்.

நவீத் ஒரே வார்த்தையில் தப்பித்தான். எல்லாம் டிரைவர் பண்ண வேலை. சத்தார் ஜெயிலுக்குப் போனான். ஜாமீனில் வந்தவனை எந்த ஓனரும் ஸ்டியரிங் தொடவிடவில்லை. தெருவில் 'குரங்கு சத்தார்' என்று பெயர் வைத்தார்கள். அவன் வெளியே போவதை நிறுத்தினான், சோற்றையும் குறைத்தான். கேஸ் முடியுமுன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான்.

புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தா நாட்கள் முடிந்ததும் ஜஹீதா, ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற வேலையை விட்டுவிட்டு நவீதிடமே வேலை கேட்டுப் போனாள். அக்காள் கௌசருக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"புருஷனைத் தின்னவன் சோறு ஒனக்கு எறங்குதா?"

ஜஹீதா மறுநாளும் அவனிடம் வேலைக்குக் கிளம்பினாள். டிரைவர் பெண்டாட்டியைக் கைவிடாத மனுஷன் என்று ஊரில் நவீதுக்கு நல்ல பேர்கூடக் கிடைத்தது.

பள்ளிகொண்டா தாண்டி அவனுக்கு ஒரு தென்னந்தோப்பு. அங்கே வெளிநாட்டுக் கிளிகளைக் கூண்டில் வைத்து வியாபாரம். கூண்டு கழுவுவதும் தீனி வைப்பதும் அவளுடைய வேலை. குனிந்த தலை நிமிராமல் செய்தாள். பின்பக்க அறையின் சாவி மட்டும் அவள் கைக்கு வராமலே இருந்தது. ஒரு கோடையில் அதுவும் வந்தது.

உள்ளே, கறுத்த உடம்பும், முகத்தைச் சுற்றி நரைத்த பிடரிமயிரும், வால் நுனியில் குஞ்சமுமாக ஒரு குட்டி மூலையில் ஒடுங்கியிருந்தது.

"பெங்களூர் பார்ட்டி வர்ற வரைக்கும் பார்த்துக்கங்க பாபி. வெளிய மூச்சு வுட்டா நீங்களும் சேந்து உள்ள போவீங்க" என்றான் நவீத், அண்ணி முறை வைத்து.

அவளுக்கு அதைக் கண்டதும் இரக்கம் வரவில்லை. இதன் இனத்தால்தானே குடி கெட்டது என்று தோன்றியது. வாழைப்பழத்துக்குள் எலி மருந்தை வைத்துக் கூண்டுவரை கொண்டுபோனாள். இது செத்தால் நவீதுக்கு நஷ்டம். கம்பிக்கு வெளியே கை நீட்டிய குட்டியைப் பார்த்தபடி நின்றவளுக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது. செத்தால் தென்னைக்கு அடியில் புதைத்துவிட்டுப் போவான். உயிரோடு இருந்தால்தான் இது அவன் கழுத்துக்குக் கயிறு. பழத்தை அடுப்பில் போட்டாள்.

ஆனால் குட்டி தானாகவே செத்துக்கொண்டிருந்தது. மழைக்காட்டில் பிறந்ததற்கு வேலூர் வெயில் தாங்குமா? நவீத் போட்ட பன்னும் பிஸ்கட்டும் வயிற்றாலே போயின. ஜஹீதா சாக்குகளை நனைத்துக் கூண்டைச் சுற்றித் தொங்கவிட்டாள். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். மலையில் அவை பலாப்பழமும் பூச்சியும் தின்பதைச் சத்தார் சொல்லியிருந்தான். பலாச்சுளை வாங்கி வந்தாள். தோப்பில் வெட்டுக்கிளி பிடித்தாள். செத்துத் தொலையாதே, செத்துத் தொலையாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டே பார்த்தாள். குட்டி பிழைத்தது.

பிறகுதான் வேலூர் போய் வனத்துறை அதிகாரி ஹேமலதாவைப் பார்த்தாள். அவர் அப்போதே ஜீப்பை எடுக்கக் கிளம்பினார். ஜஹீதா தடுத்தாள்.

"இப்ப வந்தா என்னத்தான் புடிப்பீங்க மேடம். வேலைக்காரி பண்ணதுன்னு சொல்லிட்டுப் போய்டுவான். கூண்டு அவன் கையில இருக்கணும்."

அதற்குள் விலங்குக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஹேமலதா கேட்டார். அது தன் பொறுப்பு என்றாள் ஜஹீதா.

பெங்களூர் ஆள் பட்டப்பகலில் காரில் வந்தான். அவன் வருகிற நாளை ஜஹீதா முன்கூட்டியே சொல்லியிருந்ததால் ஹேமலதா பக்கத்திலேயே ஜீப்போடு காத்திருந்தார். அவனைக் கண்டதுமே ஜஹீதா அவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள். நவீத் கூண்டைத் தூக்கி வரச் சொன்னபோது, கடிக்க வருகிறது, தன்னால் முடியாது என்று ஒதுங்கி நின்றாள். அவன் சலித்துக்கொண்டு தானே தூக்கினான். அவன் முற்றத்தைத் தாண்டுமுன் கேட்டில் ஜீப் நின்றது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் இந்தப் பொம்பள பண்ண வேலை" என்றான், கூண்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல்.

ஜஹீதா முகத்திரையைத் தூக்கிவிட்டு அவனை நேராகப் பார்த்தாள்.

"போன தடவ டிரைவர். இந்தத் தடவ வேலைக்காரியா?"

பெங்களூர் ஆள் பயந்துபோய் எல்லாவற்றையும் கக்கினான். சத்தாரின் லாரியில் வந்த பெட்டியும் தனக்காக நவீத் அனுப்பியதுதான் என்று ஒப்புக்கொண்டான்.

நவீதின் தாய் ஹலீமா பீ ஒருநாள் தேடி வந்து, சாட்சி சொல்லாமல் விட்டுவிடச் சொல்லி ஜஹீதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கிழவியை உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள் ஜஹீதா.

"மன்னிப்பு சத்தார்கிட்ட இருக்குதும்மா. கபரஸ்தான்ல போய்க் கேளுங்க."

குட்டியை ஒரு மிருகக்காட்சிசாலையில் அதன் இனத்தோடு சேர்த்தார்கள். மனுஷர் கையில் வளர்ந்ததால் இனி காட்டுக்கு அனுப்ப முடியாதாம். அது இன்னொரு குரங்கின் மடியில் கிடக்கும் வீடியோவை ஹேமலதா காட்டினார். ஜஹீதா முழுதாகப் பார்த்தாள். நல்லா இருக்கட்டும் என்று சொல்லி, அடுத்த வாய்தா எப்போது என்று கேட்டாள்.

ஒரு வாய்தாவையும் அவள் தவறவிடவில்லை. ஷூ கம்பெனிக்கே திரும்பிப் போயிருந்தவள், லீவு போட்டுவிட்டு வந்து முதல் பெஞ்சில் உட்காருவாள். பெட்டியில் என்ன இருந்ததென்று சத்தாருக்குத் தெரியாது என்று நீதிபதி வாய்விட்டுச் சொன்ன அன்று, நவீதுக்கு ஜெயில் தண்டனை விழுந்தது. போலீஸ்காரர்கள் அவனை அழைத்துப் போகிற வழியில் வேண்டுமென்றே நின்றாள். அவன் தலையைத் திருப்பிக்கொண்டு போனான். வேன் கதவு சாத்தும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.