மோர்ச் செம்பும் பாதிக் கிணறும்

கண்ணுகளா, சேறே இல்லாத வருஷத்திலும் நம் கிணற்றில் இறங்கித் தூர் வாருகிறேனே, ஏன் என்று கேட்டீர்கள். எட்டாவதோடு நின்றவன் நான். தெரிந்தபடி எழுதுகிறேன்.

எழுபதுகளில், வடகரப்பதிக்குக் கிழக்கே நம் நிலம் எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்று மேற்கே மலையாளச் சர்க்காருக்கும் கிழக்கே தமிழ்ச் சர்க்காருக்கும் தகராறு. எல்லைக்கல் ஒன்று காணாமல் போயிருந்தது. பேச்சு முடியும்வரை மண்வெட்டி போடக்கூடாது என்று மேற்கிலிருந்து ஒரு தாள், கிழக்கிலிருந்து ஒரு தாள். நம் கிணறு முப்பதடியில் நின்றுபோனது. மூத்தவளை வயிற்றில் வைத்துக்கொண்டு உங்கள் அம்மா ஒன்றரை மைல் நடந்து தண்ணீர் சுமந்தாள்.

சித்திரை வெயிலில் இரண்டு தாசில்தார்களும் பேச வந்தார்கள். ஜீப்பை விட்டுக் குதித்து, "வாங்க, வாங்க" என்று ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு வரவேற்றார்கள். வரவேற்கிறவனுக்குத்தான் நிலம் சொந்தம் என்று நினைப்பு. நாற்காலி எந்தப் பக்கம் பார்ப்பது என்பதற்கே ஒரு மணி நேரம் போயிற்று.

எப்படியோ, நிலம் யாருடையதானாலும் கிணறு தோண்டட்டும் என்ற இடத்துக்கு வந்துவிட்டார்கள். காகிதமும் எடுத்தாயிற்று. அங்கேதான் நான் கெடுத்தேன். வெயிலில் வந்தவருக்கு மோர் கொடுக்காமல் இருக்க நம் ஆட்களுக்குத் தெரியாதே! பக்கத்தில் இருந்த மேற்குக்காரரிடம் செம்பை நீட்டினேன். பாவம், தாகம், மடமடவென்று குடித்தார்.

கிழக்குக்காரர் சிரித்தார். "எங்க மண்ணு மோருங்க. விருந்தாளின்னு ஒத்துக்கிட்டீங்க!"

"ஞானோ விருந்துகாரன்? இது ஞங்ஙட ஸ்தலம்!" தங்கள் இடம் என்று மலையாளத்தில் கத்தி, மேற்குக்காரர் செம்பை வீசினார். காகிதம் பைக்குள் திரும்பிப் போனது.

நான் கையைக் கூப்பினேன். "சாமி, ஊட்ல புள்ளத்தாச்சிங்க. தண்ணி மட்டும்..."

இரண்டு பேரும் சாப்பிடப் போனார்கள். இரண்டு வேலமரத்தடியில் இரண்டு பந்தி. ஒரு பக்கம் கறிக்குழம்பு, ஒரு பக்கம் மீன். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பக்கத்து ஆட்களும் எச்சில் இலைகளை நம் கிணற்றுக்குள் வீசினார்கள்.

"ஏனுங்க, அது கெணறுங்க!" என்றேன்.

"தண்ணியில்லாத குழியப் போய் கெணறுங்கறான்!" என்றார் கிழக்கு குமாஸ்தா. அதற்கு மேற்குக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அன்று இரண்டு சர்க்காரும் ஒத்துப்போனது அந்தச் சிரிப்பில் மட்டும்தான்.

ஜீப்புகள் போனதும் உள்ளே இறங்கினேன். முள், எலும்பு, குழம்பு ஊறிய சோறு, அதன்மேல் ஈ. அள்ளும்போதே பாறையில் கைவைத்து நின்று வாந்தி எடுத்தேன். மேலே கூடையை வாங்கிய உங்கள் அம்மா, "இவிங்ககிட்டயா உத்தரவு கேட்டுட்டு நின்னீங்க? மம்முட்டிய எடுங்க" என்றாள்.

மறுநாளே தோண்ட ஆரம்பித்தோம். எவரும் தடுக்க வரவில்லை. ஒருவர் வந்தால் இன்னொருவர் சண்டைக்கு வருவாரே! மூத்தவள் பிறந்த வாரம் ஊற்றுக்கண் திறந்தது. எச்சில் கிடந்த இடத்துத் தண்ணீர் என்று முதல் வாளியை உங்கள் அம்மா வேலியோரம் கொட்டிவிட்டாள்.

நீங்கள் குடித்து வளர்ந்தது அந்தத் தண்ணீர்தான். நல்ல தண்ணீர். ஆனாலும் அடியில் எங்கோ ஓர் இலை ஒட்டிக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் இறங்குகிறேன்.